தன் கையே தனக்குதவி: பிரிட்டனில் வீட்டு, தோட்டச் சீரமைப்பு அறிவுரையும் பொறுப்பின் இடமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டையும் தோட்டத்தையும் உரிமையாளர் தம் கையாலேயே சீரமைத்துக்கொள்ள வழிகாட்டும் அறிவுரை எழுத்து பிரிட்டனில் நீண்ட வரலாறு உடையது. 17ஆம் நூற்றாண்டில் கைத்தொழில் நுட்பங்களை அச்சேற்றிய நூல் முதல் 20ஆம் நூற்றாண்டின் இதழ்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வரை இவ்வகை எழுத்து வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தொழிலறிவு அனைவருக்கும் உரியதானமை இவ்வரலாற்றின் ஒரு பக்கம். அத்தொழிலோடு சேர்ந்திருந்த இடரும் பொறுப்பும் சட்டப் பாதுகாப்பு ஏதுமின்றி வீட்டாரிடம் வந்து சேர்ந்தமை அதன் மறுபக்கம். ஈய வண்ணப்பூச்சு, ஆஸ்பெஸ்டாஸ் ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு இம்மறுபக்கம் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தானே செய்தல், அறிவுரை எழுத்து, வீட்டுச் சீரமைப்பு, தோட்டக்கலை, தொழிலறிவு, ஈய வண்ணப்பூச்சு, ஆஸ்பெஸ்டாஸ்

முன்னுரை

கட்டடக் கலையின் வரலாறு பெரும்பாலும் அரண்மனை, கோயில், பாலம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சாதாரண வீட்டில் கதவுக்கு வண்ணம் பூசுதல், சுவரில் பலகை பொருத்துதல், கொல்லையில் பாத்தி கட்டுதல் போன்ற சிறு வேலைகள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இவ்வேலைகளை யார் செய்தனர், எங்கிருந்து கற்றனர், தவறு நேர்ந்தபோது யார் பொறுப்பேற்றனர் என்னும் வினாக்கள் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாதவை.

‘தானே செய்தல்’ என்னும் தொடர் அமெரிக்காவிலிருந்து வந்து 1950களில் பிரிட்டனில் பரவலாயிற்று. எனினும் அத்தொடர் சுட்டும் பழக்கம் அதனினும் பழையது. கூலி கொடுக்க வழியில்லாத ஏழைகள் எக்காலத்தும் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்து வந்துள்ளனர். அதற்கு நூல் தேவைப்படவில்லை. அண்டை வீட்டாரும் உறவினரும் கற்பித்தனர். பிறரைக் கூலிக்கு அமர்த்தும் வசதியிருந்த, அல்லது அண்மைக் காலம்வரை இருந்த, மக்கள் தாமே வேலையில் இறங்கியபோதுதான் அச்சிட்ட அறிவுரை தேவைப்பட்டது. ஆகவே அறிவுரை எழுத்தின் வரலாறு என்பது ஒரு வேலை ஒரு வகுப்பாரிடமிருந்து மற்றொரு வகுப்பாரிடம் கைமாறிய வரலாறே ஆகும். வேலையோடு வேறு என்னென்ன கைமாறின என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவுரை எழுத்து என்ன செய்யச் சொல்லப்பட்டது என்பதற்குச் சான்றாகுமே தவிர, என்ன செய்யப்பட்டது என்பதற்கு நேரடிச் சான்றாகாது. இவ்வரம்பைக் கருத்திற்கொண்டே கீழ்வரும் செய்திகள் ஆராயப்படுகின்றன.

தொழில் மறைபொருளும் அச்சும்

ஐரோப்பிய நகரங்களில் தச்சு, கொல்லு, கொத்து முதலிய தொழில்கள் நெடுங்காலம் தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. இளைஞர் ஆண்டுக்கணக்கில் ஓர் ஆசானிடம் பணிசெய்து தொழிலைக் கற்றனர். நுட்பம் கையிலிருந்து கைக்குச் சென்றதேயன்றி ஏட்டில் ஏறவில்லை. இந்நிலையில் 1678இல் ஜோசப் மோக்சன் என்பார் ‘மெக்கானிக் எக்சர்சைசஸ்’ என்னும் நூலைத் திங்கள்தோறும் பகுதி பகுதியாக இலண்டனில் வெளியிடத் தொடங்கினார். கொல்லுவேலை, இழைப்புத் தச்சு, வீட்டுத் தச்சு, கடைசல் ஆகியவற்றின் கருவிகளையும் செய்முறைகளையும் அது படத்துடன் விளக்கியது. நிலவரைபடமும் உருண்டைகளும் செய்து விற்றவரான மோக்சன் அதே ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கைத்தொழிலை அறிவுத்துறையாகக் கருதும் போக்கு அக்காலத்தில் உருவாகியிருந்தமைக்கு இது சான்று.

மோக்சனின் நூல் வீட்டாரை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டதன்று. எனினும் ஒரு தொழிலை ஆசானிடம் பணிசெய்யாமலேயே ஏட்டைப் படித்து அறியலாம் என்னும் எண்ணத்தை அது நிலைநாட்டியது.

தோட்டத்துறையில் இம்மாற்றம் 19ஆம் நூற்றாண்டில் தெளிவாகத் தெரிகிறது. தொழிற்புரட்சியால் நகரங்கள் பெருகின. புறநகர்களில் சிறு தோட்டத்துடன் கூடிய வீடுகளில் நடுத்தர வகுப்பினர் குடியேறினர். ஜான் கிளாடியஸ் லவுடன் 1826இல் தோட்டக்கலை இதழொன்றைத் தொடங்கினார். 1838இல் புறநகர்த் தோட்டக்காரருக்கென ஒரு நூலையும் வெளியிட்டார். அவருடைய மனைவி ஜேன் லவுடன் 1840இல் பெண்களுக்கான தோட்டக்கலை நூலை எழுதினார். திருமணத்திற்கு முன் செடிகொடிகளைப் பற்றி ஏதும் அறியாதிருந்தவர் ஜேன். தொழில்முறைத் தோட்டக்காரர் எழுதிய நூல்கள் தமக்குப் பயன்படவில்லை என்றும், புதியவருக்கு எது தெரியாது என்பதை வல்லுநர் உணர்வதில்லை என்றும் அவர் கருதினார். மண்ணைக் கொத்தும்போது மண்வெட்டியை எக்கோணத்தில் பிடிப்பது, பெண்களுக்கு ஏற்ற எடை குறைந்த கருவி எது, கையுறை எத்தகையதாயிருக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் அந்நூல் விளக்கியது.

பின்வந்த அறிவுரை எழுத்து முழுமைக்கும் இஃது அடிப்படையாயிற்று எனலாம். அண்மையில் கற்றவரே நன்கு கற்பிப்பார் என்னும் கொள்கை இங்கே தோன்றுகிறது. அறிவுரையாளரின் தகுதி தொழிற்குழுவின் ஏற்பிலிருந்து பெறப்படாமல், படிப்பவரோடு அவர் கொண்ட நெருக்கத்திலிருந்து பெறப்படலாயிற்று.

போர்க்காலமும் அரசின் அறிவுரையும்

1908ஆம் ஆண்டுச் சட்டம், தேவைப்படுவோர்க்குப் பயிரிடச் சிறு நிலத்துண்டுகளைக் குத்தகைக்கு வழங்குவதை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியது. பத்து ‘ராடு’ அளவுள்ள, அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர் பரப்புள்ள துண்டு வழக்கமான அளவாயிற்று. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் உணவு இறக்குமதி இடருக்குள்ளானது. அடுத்த மாதமே வேளாண் அமைச்சர் வானொலியில் பேசி, மேலும் ஐந்து இலட்சம் நிலத்துண்டுகள் பயிரிடப்பட வேண்டும் என்று வேண்டினார். ‘வெற்றிக்காகத் தோண்டுவோம்’ என்னும் பொருளுடைய முழக்கத்தின் கீழ் நடந்த இயக்கத்தின்போது துண்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 8.15 இலட்சத்திலிருந்து 14 இலட்சமாக உயர்ந்தது.

இவ்வியக்கத்தின் துண்டறிக்கைகள் அறிவுரை எழுத்தின் வடிவத்தையே மாற்றின. முதல் துண்டறிக்கை 90 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள நிலத்துக்கான பயிர்த்திட்டம் ஒன்றை வரைபடமாகத் தந்தது. எந்த வரிசையில் எதை விதைப்பது, எப்போது அறுப்பது, அவ்விடத்தில் அடுத்து எதை நடுவது என்பன அதில் இருந்தன. கோடையில் அளவுக்கு மிஞ்சி விளைந்து குளிர்காலத்தில் ஒன்றுமின்றிப் போவதே புதியவர் தோட்டங்களின் பொதுக்குறை. அதைத் தவிர்ப்பதே இத்திட்டத்தின் நோக்கம். வானொலியில் தோட்டக்கலை பேசிய சி. எச். மிடில்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் இலட்சக்கணக்கானோரைக் கேட்கச் செய்தார்.

அறிவுரை இங்கே விருப்பத்திற்குரிய பொழுதுபோக்காக அன்றி, குடிமகனின் கடமையாக வழங்கப்பட்டது. இக்காலத்தில் அறிவுரை வழங்கியவர் யார் என்பதும் வெளிப்படையாக இருந்தது. அரசு தன் பெயரிலேயே துண்டறிக்கைகளை வெளியிட்டது. அவை பயன் தராவிடில் குறைகூற ஓர் அமைச்சகம் இருந்தது. போருக்குப் பின் வந்த அறிவுரைக்கு இத்தன்மை இல்லை.

போருக்குப் பிந்திய இல்லமும் இதழ்களும்

போர்க்காலத்தில் கட்டடப் பொருள்களும் தொழிலாளரும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டனர். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கட்டட வேலைக்கு உரிமம் பெற வேண்டியிருந்தது. இம்முறை 1954 நவம்பரில்தான் முடிவுக்கு வந்தது. பதினான்கு ஆண்டுகள் பூசப்படாத கதவுகளும் பழுதுபார்க்கப்படாத சுவர்களும் காத்திருந்தன. தொழிலாளர் கிடைப்பது அரிதாயிற்று, கூலியும் உயர்ந்தது. அதேவேளையில் சொந்த வீட்டில் வாழ்வோர் தொகையும் பெருகி வந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1918இல் 23 விழுக்காட்டு வீடுகளில் உரிமையாளரே குடியிருந்தனர். 1971இல் அது 50 விழுக்காடாயிற்று. வாடகை வீட்டில் ஒழுகும் கூரை உரிமையாளரின் கவலை. சொந்த வீட்டிலோ அது குடியிருப்பவரின் கவலையாகும்.

உரிமமுறை நீங்கிய மறு ஆண்டே, 1955 அக்டோபரில், ‘பிராக்டிகல் ஹவுஸ்ஹோல்டர்’ என்னும் மாத இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் எஃப். ஜே. கேம், வானொலிப்பெட்டி செய்தல் முதலிய துறைகளில் பொழுதுபோக்காளர்க்கான இதழ்களை நடத்தித் தேர்ந்தவர். 1957இல் ‘டூ இட் யுவர்செல்ஃப்’ என்னும் இதழும் தொடங்கியது. தோட்டத்துறையில் பெர்சி த்ரோவர் 1955 முதல் பிபிசி தொலைக்காட்சியில் தோட்டக்கலை நிகழ்ச்சியை நடத்தினார்.

இக்காலத்தின் முதன்மை அறிவுரையாளர் பேரி பக்னல். கட்டட, மின்பணி செய்த குடும்ப நிறுவனத்தில் தொழில் பயின்ற அவர், 1950களின் பிற்பகுதியில் பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்து காட்டினார். நேரடி ஒளிபரப்பாதலால் சில நேரம் பலகை ஒட்டாமலும் ஆணி இறங்காமலும் போயின. பார்வையாளர்க்கு அது குறையாகத் தோன்றவில்லை. தொழிலறிந்தவர்க்கே பிழை நேர்கிறதெனில் தாமும் முயலலாம் என்னும் துணிவையே அது தந்தது. 1962இல் பிபிசி இலண்டனின் ஈலிங் பகுதியில் பழைய வீடொன்றை வாங்க, அதை அவர் சீரமைப்பது 39 வாரத் தொடராக ஒளிபரப்பாயிற்று.

அச்சீரமைப்பின் அழகியல் இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. விக்டோரியா காலக் கதவுகளின் சட்டங்கள் ஹார்ட்போர்டால் மூடப்பட்டன. கடைந்த மரத்தூண்களைக் கொண்ட படிக்கட்டுக் கைப்பிடிகள் பலகையிட்டு மறைக்கப்பட்டன. கணப்பு அடுப்புகள் அகற்றப்பட்டன. அதே காலத்தில், 1958இல், விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்க ஓர் அமைப்பு தோன்றியதும் குறிப்பிடத்தக்கது. எனினும் வீட்டார் நோக்கில் இதைக் காணவேண்டும். சித்திரவேலை மிகுந்த கதவும் கைப்பிடியும் பணிப்பெண்கள் தூசி துடைத்த காலத்தில் உருவானவை. பணியாள் இல்லாத வீட்டில் அத்தூசி இல்லத்தரசியின் சுமையாயிற்று. சமதளப் பலகை அச்சுமையைக் குறைத்தது. மேலும் ஹார்ட்போர்டால் மூடப்பட்ட பல கதவுகள் பலகைக்கு அடியில் சிதையாமல் இருந்து, பிற்காலத்தில் மீட்கப்பட்டன.

கருவிக்குள் குடியேறிய திறன்

அறிவுரை எழுத்தின் வெற்றி சொற்களால் மட்டும் விளைந்ததன்று. சுவரில் ஒரு திருகாணியைப் பொருத்துவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய முறையில் செங்கற்சுவரை உளியால் குடைந்து, மரக்கட்டையை அளவாகச் செதுக்கி அதில் இறுக்கி, பின் அக்கட்டையில் ஆணியை இறக்க வேண்டும். 1911ஆம் ஆண்டையொட்டி ஜான் ரா­லிங்ஸ் என்னும் ஒப்பந்தக்காரர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்காகச் சணல் இழையால் ஆன சிறு குழலை அவர் உருவாக்கினார். சிறு துளையில் குழலைச் செருகித் திருகாணியை முடுக்கினால் குழல் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். தச்சரின் கைத்திறனில் இருந்த இறுக்கம் இவ்வாறு ஒரு பொருளின் இயல்பாயிற்று.

1946இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வீட்டாருக்கென விலை குறைந்த மின்துளைக் கருவிகளை அறிமுகம் செய்தது. தூரிகைத் தடம் எளிதில் மறையும் எமல்ஷன் வண்ணம், துடைத்தால் தூய்மையாகும் ஃபார்மிகா தகடு ஆகியனவும் பயிற்சியின் தேவையைக் குறைத்தன. 1969இல் சவுத்தாம்ப்டனில் ரிச்சர்ட் பிளாக், டேவிட் குவேல் ஆகிய இருவரும் தொடங்கிய பி அண்ட் கியூ போன்ற பெருங்கடைகள் இப்பொருள்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தன. முன்பு இரும்புக்கடைக்காரர் வாங்குபவரிடம் எதற்காக என்று வினவி, ஏற்றதைத் தேர்ந்து கொடுத்தார். தாமே எடுத்துக்கொள்ளும் பெருங்கடையில் அவ்வினா இல்லை. அறிவுரை உறையின் மேல் அச்சிட்ட சில வரிகளாகச் சுருங்கியது.

கைமாறிய இடர்

வேலையோடு இடரும் கைமாறியது என்பதற்கு ஈய வண்ணப்பூச்சு தெளிவான சான்றாகும். வெள்ளை ஈயம் கலந்த வண்ணத்தைப் பூசுவோரும் சுரண்டுவோரும் நஞ்சேறி நோயுறுவது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் 1926இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. பழைய ஈயப் பூச்சை உலர்ந்த நிலையில் தேய்ப்பதையும் சுரண்டுவதையும் தடைசெய்ய அது வழிவகுத்தது. தூசி எழாதவாறு நனைத்தே தேய்க்கவேண்டும் என்பது அதன் கருத்து. பெண்களையும் இளம்பருவத்தினரையும் கட்டடங்களில் ஈய வண்ணம் பூசும் வேலைக்கு அமர்த்துவதையும் அச்சட்டம் தடுத்தது.

ஆனால் அச்சட்டம் காத்தது கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளரை மட்டுமே. தம் வீட்டுக் கதவை உப்புத்தாளால் தேய்க்கும் உரிமையாளர் எவருடைய பணியாளரும் அல்லர். ஆதலால் அவரை எந்த ஆய்வாளரும் கண்காணிக்கவில்லை. புதுப்பூச்சுக்கு முன் பழைய பூச்சைச் சுரண்டி வழவழப்பாக்குதல் எந்த வீட்டு வண்ண வேலைக்கும் முதற்படி. பழைய வீடுகளில் அப்பூச்சின் அடியடுக்குகள் பெரும்பாலும் ஈயம் கலந்தவை. 1950களின் விளம்பரங்கள் வண்ணம் பூசுவதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் மகிழ்ச்சியான பணியாகக் காட்டின. தொழிற்களத்தில் பெண்ணுக்கு ஆகாதென்று சட்டம் விலக்கிய தூசி, அவளுடைய இல்லத்தில் எவ்விலக்குமின்றி எழுந்தது. குழந்தைகளும் அங்கேயே இருந்தனர். ஈய வண்ணத்தின் பொது விற்பனைக்கு 1992இல்தான் பிரிட்டனில் தடை வந்தது.

ஆஸ்பெஸ்டாஸின் நிலை சற்று வேறுபட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1931இலேயே இயற்றப்பட்டன. அவை முதன்மையாக உற்பத்திக்களத்தைக் கருதியவை. தகடாகவும் பலகையாகவும் வெளியேறிய பொருளை அறுத்துத் துளைத்த தச்சருக்கே அவ்விதிகளால் போதிய பயன் விளையவில்லை. தீப்பிடிக்காதது, மலிவானது, எளிதில் அறுபடுவது என்னும் காரணங்களால் தோட்டக் கொட்டகையின் கூரைக்கும் அடுப்பின் பின்புறத் தடுப்புக்கும் அப்பொருள் பரிந்துரைக்கப்பட்டது. 1965இல் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் ஆகியோர் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் 76 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோரும் தொழிற்சாலைக்கு அருகில் குடியிருந்தோரும் அவர்களுள் இருந்தனர். தூசி தொழிற்சாலைச் சுவருக்குள் நிற்கவில்லை என்பது அன்றே தெளிவாயிற்று. எனினும் நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் 1985இலும், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் 1999இலும்தான் தடைசெய்யப்பட்டன.

இங்கே மிகைப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்பலகையை அறுத்த தச்சரின் இடரும், ஒரு விடுமுறை நாளில் கொட்டகை வேய்ந்த வீட்டாரின் இடரும் அளவில் ஒப்பிடத்தக்கன அல்ல. பெருந்துன்பம் தொழிலாளருக்கே நேர்ந்தது. ஈயத்தைப் பொறுத்தவரை தொழிற்களம் அறிந்திருந்த எச்சரிக்கை வீட்டாரை வந்தடையவில்லை. ஆஸ்பெஸ்டாஸைப் பொறுத்தவரை எச்சரிக்கை தொழிற்சாலை ஆய்வாளரிடமும் மருத்துவரிடமும் தங்கிவிட, தச்சரும் வீட்டாரும் ஒருங்கே அறியாமையில் விடப்பட்டனர். இரண்டிலும் செய்முறை விரைந்து பரவியது, எச்சரிக்கையோ பல பத்தாண்டுகள் பின்தங்கியது. தோட்டத்துறையிலும் இதே போக்கைக் காணலாம். போருக்குப் பின் வீட்டுத்தோட்டங்களில் பூச்சிக்கொல்லியாகப் புழங்கிய டிடிடி 1984இல்தான் பிரிட்டனில் முற்றிலும் விலக்கப்பட்டது.

முடிவுரை

அறிவுரை எழுத்து தொழிலறிவைக் குழுக்களின் காவலிலிருந்து விடுவித்தது. மோக்சன் அச்சேற்றியதும், ஜேன் லவுடன் புதியவரின் மொழியில் எழுதியதும், பக்னல் பிழையோடு செய்து காட்டியதும் இவ்விடுதலையின் படிநிலைகளாகும். கூலி கொடுக்க இயலாதோரும் வீட்டைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இது வழிசெய்தது. இப்பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆயினும் தொழிற்பயிற்சி என்பது செய்முறையை மட்டும் கற்பிக்கவில்லை. எதைச் செய்யலாகாது, எப்போது நிறுத்தவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும் என்பனவும் அதில் அடங்கியிருந்தன. தொழிற்சட்டமும் ஆய்வாளரும் அதற்குப் பின்னே நின்றனர். அச்சிலும் திரையிலும் எளிதில் ஏறியது செய்முறை. எஞ்சியவை பின்தங்கின. பணியாளர், பணிகொடுப்பவர் என்னும் உறவின் மேல் எழுந்த பாதுகாப்புச் சட்டத்தால், இருவரும் ஒருவராகவே இருக்கும் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. 2005 சனவரி முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு மின்பணிகள் பல கட்டட விதிகளின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. பதிவுபெற்றவர் செய்யவேண்டும், அல்லது உள்ளாட்சி அமைப்புக்கு முன்னரே அறிவிக்கவேண்டும் என்னும் அவ்விதி, விடுபட்ட பொறுப்பை ஓரளவு மீட்கும் முயற்சியாக அமைகிறது.

இவ்வரலாறு பிரிட்டனோடு முடிவதன்று. அங்கு 1999இல் தடைசெய்யப்பட்ட வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடு இந்தியாவில் கூரைப்பொருளாகத் தொடர்ந்து விற்கப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் அதை அறுத்துத் துளைத்துப் பொருத்துவோர் உளர். வீட்டுச் சீரமைப்புக்கான அறிவுரைகளை ஆராய்வோர், அவை கற்பிக்கும் செய்முறையோடு அவை சொல்லாது விட்ட எச்சரிக்கைகளையும் தொகுத்துக் காண்பது இன்றியமையாதது.